டாரஸ்: லாரி அல்ல, கார் (வாகனப் பகுதி, வாசகர் கேள்வி பதில்)

ஃபோர்டு டாரஸ் பற்றிய கேள்விகள் சேர்ந்துவிட்டதால் இந்த இதழில் வேறு வண்டிக்கு இடமில்லை. அமெரிக்கா, கனடாவிலிருந்து எழுதியவர்கள் மைல் கணக்கில் கேட்டிருக்கிறார்கள். பதிலும் மைலிலேயே இருக்கிறது.

எங்கள் ஊரில் டாரஸ் என்றால் பத்துச் சக்கர, பன்னிரண்டு சக்கர லாரி. அமெரிக்காவில் இதே பேரில் குடும்பக் கார் ஓடியதாமே. இரண்டுக்கும் சொந்தம் உண்டா?
– நாமக்கல் வாசகர்

பேர்ப் பொருத்தம் மட்டும்தான். அசோக் லேலண்ட் தன் கனரக லாரி ஒன்றுக்கு டாரஸ் என்று பேர் வைத்தது. பிறகு எந்தக் கம்பெனி லாரியானாலும் பின்னால் அச்சு (ஆக்சில்) கூடினால் நம் ஊரில் அது டாரஸ்தான். நகல் எடுப்பதெல்லாம் 'ஜெராக்ஸ்' ஆன மாதிரி.

ஃபோர்டின் டாரஸுக்குப் பேர் வந்தது ராசியால். திட்டத் தலைவர் லூயிஸ் வெரால்டியின் மனைவிக்கும், அவரோடு பொறுப்பில் இருந்த ஜான் ரிஸ்க்கின் மனைவிக்கும் ஒரே ராசி, ரிஷபம். ரகசியப் பேராக வைத்தது கடைசியில் காரின் பேராகவே நிலைத்துவிட்டது. அவர்கள் சொல்லும் ரிஷபம் சூரியனை வைத்துப் பார்ப்பது. நம் ஜோசியர் சந்திரனை வைத்துப் பார்ப்பார், அதனால் உங்கள் ஜாதகத்தோடு ஒப்பிட வேண்டாம்!

பார்த்தால் சாதாரண நாலு கதவுக் காராகத்தான் தெரிகிறது. இதைப் போய் ஏன் அமெரிக்க கார் சரித்திரத்தில் ஒரு திருப்பம் என்கிறார்கள்?
– மதுரை வாசகர்

இன்றைக்குச் சாதாரணமாகத் தெரிவதே அதன் வெற்றி. 1985-ல் அமெரிக்கத் தெருக்களில் ஓடிய கார்கள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருந்தன. பெட்டி மேல் பெட்டி, முன்னால் பளபளவென்று குரோமியம் பூசிய கிரில். ஃபோர்டின் அப்போதைய குடும்பக் காரான எல்.டி.டி.யும் அந்த ஜாதிதான். பின்சக்கரம் தள்ளும் வண்டி.

அந்தக் கம்பெனிக்கு 1980 முதல் 1982 வரை மூன்று வருடத்தில் 300 கோடி டாலருக்கு மேல் நட்டம். பெட்ரோல் விலை ஏறியதில் மக்கள் ஜப்பான் கார்களின் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த நிலையில் முன்சக்கரம் இழுக்கும் புதுக் குடும்பக் கார் ஒன்றுக்குச் சுமார் 300 கோடி டாலரை இறக்கினார்கள். விற்காமல் போயிருந்தால் கம்பெனியே ஆட்டம் கண்டிருக்கும்.

வடிவம் கண்ணில் படுவது. அதைவிடப் பெரிய மாற்றம் வேலை நடந்த விதத்தில் இருந்தது. அதுவரை டிசைன் பிரிவு வரைந்து இன்ஜினீயர்களிடம் கொடுக்கும், அவர்கள் தொழிற்சாலைக்கு அனுப்புவார்கள். "இந்த போல்ட்டுக்கு ஸ்பானர் நுழையாது" என்று அங்கே ஒருவர் சொல்லும்போது அச்சு வார்த்து முடிந்திருக்கும். வெரால்டி எல்லோரையும் முதல் நாளே ஒரே மேசைக்குக் கூப்பிட்டார். உதிரிபாகம் கொடுப்பவர், சர்வீஸ் மெக்கானிக், இன்ஷூரன்ஸ்காரர், அசெம்பிளி லைனில் நிற்கும் தொழிலாளி என்று ஒருவரையும் விடவில்லை. தொழிலாளிகள் கேட்டவற்றில் ஒன்று, போல்ட் தலைகள் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பது. ஸ்பானரை மாற்றி மாற்றி எடுக்கும் நேரம் மிச்சம். அதைச் செய்து கொடுத்தார்கள். பானெட்டைத் திறந்தால் ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக் மாதிரி வீட்டுக்காரர் தொட வேண்டியவற்றுக்கெல்லாம் மஞ்சள் அடையாளம் இருக்கும். எதைத் தொடலாம் என்று யாரையும் கேட்க வேண்டாம்.

போட்டிக் கார்களை வாங்கிப் பிரித்துப் போட்டு, சுமார் 400 அம்சங்களில் எதில் எந்த வண்டி கெட்டி என்று பட்டியல் போட்டார்கள். ஆக்ஸிலரேட்டர் பெடலின் அழுத்தத்துக்கு ஆடி 5000, பெட்ரோல் முள் சரியாகக் காட்டுவதற்கு டொயோட்டா சூப்ரா, ஜாக்கியும் ஸ்டெப்னியும் வைக்கும் இடத்துக்கு பி.எம்.டபிள்யூ. 528இ. அந்த அளவை எட்டுவது அல்லது தாண்டுவது என்று ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனார்கள்.

வடிவத்துக்குப் பொறுப்பு ஜாக் டெல்னாக். கிரில்லே இல்லாத வழவழப்பான முகம், நடுவில் நீல வட்டச் சின்னம், உடம்போடு ஒட்டிய ஹெட்லைட். காற்றுத் தடை எண் (குறையக் குறைய நல்லது) சுமார் 0.33. கேலி செய்தவர்கள் ஜெல்லி மிட்டாய் என்றார்கள், பறக்கும் உருளைக்கிழங்கு என்றும் சொன்னார்கள். 1985 டிசம்பர் 26 அன்று விற்பனை தொடங்கியது. சில வருடங்களில் கேலி செய்த கம்பெனிகளின் கார்களுக்கும் மூலை மழுங்க ஆரம்பித்தது.

டாரஸை மிட்சைஸ், அதாவது நடுத்தர அளவுக் கார் என்கிறார்கள். எந்த அளவை வைத்து?
– திருச்சி வாசகர்

அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்கு நீளத்தைப் பார்ப்பதில்லை. உட்காரும் இடத்தையும் டிக்கியையும் சேர்த்துக் கன அடியில் அளப்பார்கள். 110-லிருந்து 120-க்குள் இருந்தால் மிட்சைஸ், 120-ம் அதற்கு மேலும் பெரிய கார். முதல் டாரஸின் நீளம் 188.4 அங்குலம், ஏறக்குறைய 4.8 மீட்டர். நமக்கு அது கப்பல், அவர்களுக்கு நடுத்தரம். முன்னால் பெஞ்ச் சீட்டும் ஸ்டீயரிங் தண்டில் கியர் நெம்புகோலும் உள்ள மாடலில் ஆறு பேர் போகலாம். அமெரிக்காவில் 2008 மாடலிலிருந்து டாரஸ் என்ற பேரில் வந்தவை எல்லாம் பெரிய கார் வகை.

அமெரிக்காவிலேயே அதிகம் விற்ற கார் என்ற இடத்தைப் பிடித்து, பிறகு எப்படிக் கோட்டை விட்டார்கள்?
– சென்னை வாசகர்

1989 முதல் 1991 வரை முதலிடம் ஹோண்டா அக்கார்டுக்கு. 1992-ல் ஃபோர்டு தள்ளுபடிகளை வாரி இறைத்து, வாடகைக் கம்பெனிகளுக்கும் மொத்தமாக விற்று, சுமார் 4,10,000 வண்டிகளோடு ஜெயித்தது. அக்கார்டு சுமார் 3,93,000. 1996 வரை ஐந்து வருடம் டாரஸ்தான் முதலிடம். அந்த வெற்றியில் எத்தனை வண்டி குடும்பஸ்தர் தேடி வந்து வாங்கியது, எத்தனை விமான நிலையத்தில் வாடகைக்கு நின்றது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

1996 மாடலில் டிசைன்காரர்களுக்கு முட்டை வடிவப் பித்து பிடித்தது. ஹெட்லைட் நீள்வட்டம், பின்கண்ணாடி நீள்வட்டம், உள்ளே ரேடியோவையும் ஏ.சி.யையும் சேர்த்த பட்டன் பலகையும் நீள்வட்டம். 1986-ல் உருண்டை வடிவத்துக்கு ஒரு காரணம் இருந்தது, காற்றைக் கிழித்துக்கொண்டு போவது. பத்து வருடம் கழித்து அதில் அலங்காரம்தான் மிஞ்சியது. கூரை பின்னால் சரிந்ததில் பின்சீட்டில் உயரமானவர் தலை இடித்தது. டிக்கி வாயும் குறுகியது. ரேடியோ கெட்டால் கடையில் விற்கும் சாதாரண ரேடியோவை அந்தப் பலகையில் பொருத்த முடியாது. அதற்கென்று தனி மாற்றுப் பலகை வாங்க வேண்டும். போதாக்குறைக்கு விலையும் ஏறியது. சில மாதத்திலேயே வசதிகளைக் குறைத்து 'ஜி' என்று ஒரு மலிவு மாடலை அவசரமாக இறக்கினார்கள். அதே சமயம் டொயோட்டா செலவைக் குறைத்து, 1997 கேம்ரியை முந்தைய மாடலைவிடக் குறைந்த விலையில் கொண்டு வந்தது. அந்த வருடமே முதலிடம் கேம்ரிக்குப் போனது, டாரஸுக்குத் திரும்பி வரவே இல்லை.

2000-ல் நீள்வட்டங்களை ஓரளவு நீக்கிக் கூரையை உயர்த்தினார்கள். நல்ல திருத்தம்தான். அதன்பின் ஆறேழு வருடம் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. லாபம் பிக்கப்பிலும் எஸ்.யு.வி.யிலும் கொட்டியது, பணமும் அங்கேயே போனது. கேம்ரியும் அக்கார்டும் நாலைந்து வருடத்துக்கொரு முறை புதிதாக வர, டாரஸ் வாடகை வண்டியாகவே காலம் தள்ளியது. 2007 மாடல் தனியாருக்கு விற்கப்படவே இல்லை, மொத்தக் கொள்முதல்காரர்களுக்கு மட்டும்தான். இந்தக் கார் பட்டினியில்தான் செத்தது.

மகன் நியூ ஜெர்சியில் படிக்கிறான். 2004 டாரஸ் ஒன்று மலிவாக வருகிறதாம். வாங்கலாமா? எதைப் பார்க்க வேண்டும்?
– தஞ்சாவூர் வாசகர்

வாங்கலாம். ஆனால் அந்த வண்டிக்கு இருபது வயது தாண்டிவிட்டது. மலிவு விலையில் பாதியாவது முதல் ஆறு மாதத்தில் பட்டறைக்குப் போகும் என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

முதலில் என்ன என்ஜின் என்று தெரிய வேண்டும். டிரைவர் பக்கம், முன்கண்ணாடியின் அடியில் வின் எண், அதாவது வண்டியின் 17 இலக்க அடையாள எண் தெரியும். அதில் எட்டாவது எழுத்து 'யு' அல்லது எண் '2' என்றால் 3.0 லிட்டர் வல்கன். '2' என்பது இ85 எத்தனால் கலவையிலும் ஓடும் வகை. எழுத்து 'எஸ்' என்றால் 3.0 லிட்டர் டியூராடெக். வல்கன் பழைய பாணி, வால்வைக் கம்பியால் தள்ளும் புஷ்ராட் வைத்தது. பிளாக், ஹெட் இரண்டும் வார்ப்பிரும்பு, குதிரைத்திறன் 150-ஐ ஒட்டி இருக்கும். டியூராடெக் நாலு கேம் ஷாஃப்ட் வைத்தது, சுமார் 200 குதிரைத்திறன். படிக்கிற பையனுக்கு வல்கனே போதும். வேகம் கம்மி, ஆனால் எந்த மெக்கானிக்கும் பிரித்துப் பூட்டுவார். இரண்டிலும் டைமிங் செயின்தான், பெல்ட் மாற்றும் செலவு இல்லை.

விற்பவரிடம் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகட்டும். என்ஜின் ஆறியிருக்கும்போது கூலன்ட் தொட்டி மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். நிறம் தெளிவாக இருந்தால் சரி. டீ டிகாஷன் மாதிரி பழுப்பாகச் சேறு மிதந்தால் வல்கனின் பழைய வியாதி: பிளாக்கின் உள்ளே துருப்பிடித்து, அந்தத் துரு ஹீட்டர் கோரை (காருக்குள் சூடு தரும் சின்ன ரேடியேட்டர்) அடைத்து, வாட்டர் பம்ப்பின் இறக்கையையும் தின்னும். உறுதிப்படுத்த, என்ஜின் சூடானபின் ஹீட்டரை முழுதாகத் திறந்து, என்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள முன்சுவர் வழியாக உள்ளே போகும் இரண்டு ஹீட்டர் குழாய்களையும் தொட்டுப் பார்க்கலாம். இரண்டும் கை வைக்க முடியாத சூட்டில் இருக்க வேண்டும். ஒன்று கொதித்து மற்றது வெதுவெதுப்பாக இருந்தால் கோர் அடைப்பு. இரண்டு குழாயையும் கழற்றி, தண்ணீர் வெளியேறும் பக்கத்திலிருந்து தோட்டக் குழாயால் எதிர்த்திசையில் மெதுவாகத் தண்ணீர் விட்டு, தெளிவாக வரும்வரை அலச வேண்டும். முழு வேகத்தில் திறந்தால் கோர் வெடித்துவிடும். புதுக் கோர் போட டாஷ்போர்டையே இறக்க வேண்டும், அந்தக் கூலி வண்டி விலைக்குப் பக்கத்தில் வரும். நியூ ஜெர்சி குளிரில் ஹீட்டர் இல்லாமல் ஓட்டவும் முடியாது.

அடுத்தது உப்பு. பனி உருக ரோட்டில் கொட்டும் உப்பு இந்த வண்டிக்கு எமன். முன்சக்கரத்தை முழுதாக ஒரு பக்கம் திருப்பிவிட்டு, டார்ச் அடித்து காயில் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றைப் பார்க்க வேண்டும். துரு தின்று அந்தச் சுற்று ஒடிவது இந்த மாடலில் சகஜம். ஒடிந்த முனை டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிடும், ஓட்டத்தில் நடந்தால் ஆபத்து. மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்து, ஷாக் அப்சார்பரோடு முழு செட்டாக. கதவுக்குக் கீழே, பின்சக்கரத்தை ஒட்டிய பாகத்தை விரலால் அழுத்தினால் பொருபொருவென்று உதிர்கிறதா, பிரேக் பைப் தோல் உரிந்திருக்கிறதா, என்ஜினைத் தாங்கும் சப்ஃபிரேம் உடம்போடு சேரும் இடம் அழுகியிருக்கிறதா என்று ஜாக்கியில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். சப்ஃபிரேம் போயிருந்தால் பேரமே பேச வேண்டாம், கிளம்பி வந்துவிடலாம்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்தான் இந்தக் குடும்பத்தின் பலவீனமான பிள்ளை. என்ஜின் ஓடும்போது, சூடான நிலையில், நெம்புகோல் 'பார்க்'கில் இருக்க டிப் ஸ்டிக்கை எடுத்து வெள்ளைத் துணியில் துடைத்தால் ஆயில் சிவப்பாக இருக்க வேண்டும். பழுப்பாகித் தீய்ந்த வாடை வந்தால் ஆயில் மாற்றிச் சரியாகும் என்று நம்ப வேண்டாம். நன்றாக இருந்தால் 30,000 மைலுக்கு ஒரு முறை மெர்கான் 5 ஆயிலும் ஃபில்டரும். அடித்தட்டைக் கழற்றினால் பாதி ஆயில்கூட வெளியே வராது, மீதி என்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரில் நிற்கும். ஆகவே ஒரு முறை மாற்றி, சில நூறு மைல் ஓட்டி, இன்னொரு முறை மாற்றுவது நல்லது.

என்ஜின் ஆயில் வல்கனுக்கு ஃபில்டரோடு 4.5 குவார்ட், அதாவது கிட்டத்தட்ட 4.3 லிட்டர், 5டபிள்யூ-20. ஸ்பார்க் பிளக் ஆறு, இடைவெளி 1.1 மி.மீ. கூலிக்குச் சோம்பி முன்வரிசை மூன்றை மட்டும் மாற்றிவிட்டு ஆறுக்கும் பில் போடுவது ஊர் உலகத்தில் உள்ள வழக்கம். பழைய பிளக் ஆறையும் கையில் வாங்கி எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

எனது 2002 டாரஸ் வல்கன். ஸ்டார்ட் செய்ததும் குருவி கத்துவதுபோல் கீச் கீச் சத்தம். பெல்ட் மாற்றியும் போகவில்லை. 'செக் என்ஜின்' விளக்கும் எரிகிறது, கோளாறு எண் பி0340 என்று வருகிறது.
– ஸ்கார்பரோ வாசகர்

வண்டியை நிறுத்துங்கள், சரிசெய்யும்வரை எடுக்க வேண்டாம். இது கேம் சிங்க்ரனைசர். கியர்பாக்ஸ் பக்கம், முன்சுவரை ஒட்டி, முந்தைய மாடல்களில் டிஸ்ட்ரிபியூட்டர் நின்ற அதே துளையில் உட்கார்ந்திருக்கும். கேம் ஷாஃப்ட் இதைச் சுற்றும், இதன் கீழ்முனை ஒரு அறுகோணக் கம்பி வழியாக ஆயில் பம்ப்பைச் சுற்றும். மேல் புஷ் ஆயில் இல்லாமல் உலர்ந்துதான் கீச்சென்கிறது. அது இறுகிப் பிடித்து உடைந்தால் ஆயில் பம்ப்பும் நிற்கும். அதன்பின் என்ஜினுக்கு ஆயுள் சில நிமிடம்தான். பாகம் சின்னது, அது காப்பது முழு என்ஜினை.

சத்தம் பெல்ட்டா இதுவா என்று பிரிக்க, ஓடும் என்ஜினின் பெல்ட்டில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். பெல்ட் சத்தமாக இருந்தால் ஒரு கணமாவது மாறும். மாறாவிட்டால் சிங்க்ரனைசர்தான்.

மாற்றும்போது முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். முதல் சிலிண்டரின் பிளக்கை எடுத்துவிட்டு, கிராங்க் புல்லியைக் கையால் சுற்றி, முதல் பிஸ்டன் கம்ப்ரெஷன் அடியில் உச்சிக்கு வரும்படி நிறுத்துங்கள். கம்ப்ரெஷனா எக்ஸாஸ்டா என்று தெரிய, பிளக் துளையில் விரலை வைத்தால் காற்று தள்ளுவது தெரியும். பழைய சிங்க்ரனைசரின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது, சென்சார் கனெக்டர் எந்தத் திசை என்று மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு ஸ்க்ரூ கழற்றிச் சென்சாரையும், பிடிப்பு போல்ட்டைக் கழற்றிச் சிங்க்ரனைசரையும் மேலே இழுக்க வேண்டும். அவசரம் கூடாத இடம் இதுதான். ஆயில் பம்ப் கம்பி பிசுபிசுப்பில் ஒட்டிக்கொண்டு மேலே வந்து, பாதியில் நழுவி ஆயில் தொட்டிக்குள் விழுந்த கதைகள் உண்டு. விழுந்தால் அடித்தொட்டியைக் கழற்ற வேண்டும்.

புதுசின் புஷ்ஷிலும் பல்சக்கரத்திலும் என்ஜின் ஆயில் தடவி, அதோடு வரும் பிளாஸ்டிக் பொருத்தும் கருவியை மாட்டி இறக்குங்கள். கருவி இல்லாத மலிவு பாகத்தை வாங்காதீர்கள். பல்சக்கரத்தின் பல் சாய்வாக இருப்பதால் இறங்கும்போது அது சற்றுத் திரும்பும். அதைக் கணக்கில் கொண்டு, முழுதாக அமர்ந்தபின் கனெக்டர் பழைய திசைக்கே வரவேண்டும். ஒரு பல் தள்ளி உட்கார்ந்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும், ஓடும், ஆனால் பெட்ரோல் தெளிக்கும் நேரம் பிசகி விளக்கு திரும்ப எரியும். முதல் ஸ்டார்ட்டில் ஆயில் பிரஷர் விளக்கு உடனே அணைகிறதா என்று பாருங்கள். அணையாவிட்டால் அந்தக் கணமே நிறுத்துங்கள். கம்பி சேரவில்லை என்று அர்த்தம்.

1993 டாரஸ், 3.8 லிட்டர். கூலன்ட் மாயமாகக் குறைகிறது. கீழே ஒரு சொட்டும் இல்லை.
– சிகாகோ வாசகர்

ஹெட் கேஸ்கெட். இந்த என்ஜினைப் பற்றி வரும் பத்துக் கடிதத்தில் பத்துக்கும் அதுதான் பதில். பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். சூட்டில் அலுமினியம் அதிகம் விரியும், ஆறும்போது அதிகம் சுருங்கும். இரண்டுக்கும் நடுவே கேஸ்கெட் உரசித் தேய்கிறது. பட்டறையில் நீல நிறச் சோதனைத் திரவத்தைக் கூலன்ட் வாயில் வைத்து உறிஞ்சிப் பார்ப்பார்கள். மஞ்சளானால் சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்டில் கலக்கிறது என்று பொருள். செய்தால் இரண்டு பக்கமும் சேர்த்துச் செய்யுங்கள், ஹெட்டை மட்டம் பார்த்துக் கடையுங்கள், ஹெட் போல்ட் புதுசு போடுங்கள். பழைய போல்ட் ஒரு முறை நீண்டுவிட்டால் மறுபடி அதே பிடி கிடைக்காது. வாயில் ஊற்றினால் ஓட்டை அடைபடும் என்று விற்கும் பாட்டில் சரக்கு ஹீட்டர் கோரைத்தான் அடைக்கும்.

டாரஸில் யமஹா என்ஜின் இருந்தது உண்மையா? எங்களுக்கு யமஹா என்றால் ஆர்.எக்ஸ். 100!
– கோவை வாசகர்

உண்மை. 1989-ல் வந்த எஸ்.எச்.ஓ. என்ற வேக மாடலில் யமஹா உருவாக்கிய 3.0 லிட்டர், 24 வால்வு வி6, 220 குதிரைத்திறன், ஐந்து கியர், கையால்தான் போட வேண்டும். சாதாரண டாரஸில் அப்போது 140 குதிரைத்திறன். வெளியே பார்த்தால் அப்பா ஆபீஸ் போகும் வண்டி, பானெட்டுக்குள் உள்ளிழுக்கும் குழாய்கள் பாம்புக் கூட்டம் மாதிரி பின்னிக் கிடக்கும். அந்த அழகுக்காகவே பானெட்டைத் திறந்து காட்டுவார்கள். 1993-ல் ஆட்டோமேட்டிக் கேட்டவர்களுக்கு 3.2 லிட்டர் வந்தது. இதில் டைமிங் பெல்ட் உண்டு, 60,000 மைலில் மாற்ற வேண்டும். வால்வு இடைவெளியையும் அப்போதே பார்த்துவிடுவது சிக்கனம்.

1996 எஸ்.எச்.ஓ.வில் 3.4 லிட்டர் வி8, 235 குதிரைத்திறன். சத்தம் இனிமை, ஆனால் ஆட்டோமேட்டிக் மட்டுமே. உள்ளே ஒரு கண்ணிவெடியும் இருந்தது. கேம் ஷாஃப்ட் உள்ளே பொள்ளலான குழாய், அதன்மேல் பல்சக்கரத்தை அழுத்திப் பிதுக்கிப் பிடிக்க வைத்திருந்தார்கள், வெல்டு கிடையாது. நாளாவட்டத்தில் பிடி தளர்ந்து சக்கரம் நழுவினால் வால்வு பிஸ்டனில் மோதி என்ஜின் முடிந்தது. முன்னறிவிப்பும் பெரிதாக இருக்காது. வைத்தியம், நழுவுவதற்கு முன்பே சக்கரத்தைக் கேமோடு வெல்டு வைப்பது அல்லது ஊசி அடித்துப் பூட்டுவது. 1996 முதல் 1999 வரையிலான எஸ்.எச்.ஓ. வாங்குபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி "கேம் வெல்டு ஆச்சா, ரசீது இருக்கா?" என்பதுதான்.

டாரஸ் 2006-ல் நின்றது என்று ஒரு இடத்தில், 2019-ல் நின்றது என்று இன்னொரு இடத்தில் படித்தேன். எது சரி?
– சேலம் வாசகர்

இரண்டும் சரி. 2006 அக்டோபர் 27 அன்று ஜார்ஜியா மாநிலம் அட்லாண்டா தொழிற்சாலையில் கடைசி வண்டி இறங்கியது. அதை வாங்கியவர் சிக்-ஃபில்-ஏ உணவகங்களைத் தொடங்கிய ட்ரூயட் கேத்தி. அவருடைய முதல் சாப்பாட்டுக் கடை அந்தத் தொழிற்சாலைக்குப் பக்கத்தில்தான் இருந்தது, ஷிஃப்ட் முடிந்து வரும் தொழிலாளிகள் அவருடைய பழைய வாடிக்கை. அதுவரை விற்ற டாரஸ் 70 லட்சத்துக்கு மேல்.

சில வாரம் முன்புதான் போயிங்கிலிருந்து ஆலன் முல்லாலி ஃபோர்டுக்குத் தலைவராக வந்திருந்தார். போயிங் 777 விமானத்தை உருவாக்கும்போது வெரால்டி குழு வேலை செய்த விதத்தைப் பாடமாகப் படித்தவர். இத்தனை கோடி செலவில் ஊர் அறிந்த பேரை ஏன் கைவிட்டீர்கள் என்று கேட்டார். ஃபைவ் ஹண்ட்ரட் என்ற பேரில் விலைபோகாமல் நின்ற பெரிய காருக்கு 2007 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் டாரஸ் என்று பேர் மாற்றினார்கள். பேரோடு முகமும் என்ஜினும் மாறின. 3.0-க்குப் பதில் 3.5 லிட்டர், 263 குதிரைத்திறன். 2010-ல் முழுக்கப் புது உடம்பு. பார்க்க கம்பீரம், உள்ளே நடுமேடை அகலமாகி டிரைவருக்கு முழங்கால் இடம் போதவில்லை. அதற்குள் குடும்பக் கார் வாங்க வந்தவர்களுக்கு அதே கம்பெனியின் ஃபியூஷன் போதுமானதாக இருந்தது, மற்றவர்கள் எஸ்.யு.வி.க்குப் போய்விட்டார்கள். 2018 ஏப்ரலில் வட அமெரிக்காவில் செடான்களை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. 2019 மார்ச் 1 அன்று சிகாகோவில் கடைசி டாரஸ். ஃபியூஷன் 2020 ஜூலையில் நின்றது.

போலீஸ் ஏலத்தில் 2014 டாரஸ் எடுக்கலாமா? ஓட்டம் 80,000 மைல்தான்.
– டாலஸ் வாசகர்

மைலை நம்பாதீர்கள், மணியைப் பாருங்கள். போலீஸ் வண்டி நின்ற இடத்தில் ஏ.சி.யும் விளக்கும் போட்டு மணிக்கணக்கில் உறுமிக்கொண்டிருக்கும். மீட்டர் திரையின் பட்டியலில் என்ஜின் மொத்த மணியும், நின்றபடி ஓடிய மணியும் தனித்தனியே வரும். நின்று ஓடிய ஒரு மணிக்கு 33 மைல் என்பது ஃபோர்டே சொல்லும் கணக்கு. 3,000 மணி என்று இருந்தால் அது 99,000 மைல். உங்கள் 80,000-ஐ அதோடு கூட்டுங்கள்.

இரண்டாவது, குறுக்காக வைத்த இந்த வி6 என்ஜினில் வாட்டர் பம்ப் வெளியே இல்லை, டைமிங் மூடிக்குள் செயினால் சுற்றுகிறது. கசிவு ஆரம்பத்தில் ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் உள்ள சிறு துளையில் வரும். கவனிக்காவிட்டால் கூலன்ட் ஆயிலில் கலந்து பேரிங்கைத் தின்னும். டிப் ஸ்டிக்கில் பால் கலந்த காப்பி நிறம் தெரிந்தால் அந்த வண்டி வேண்டாம். பம்ப் மாற்ற என்ஜின் முன்பக்கத்தைப் பிரிப்பதால் கூலி அதிகம். பிரித்த கையோடு செயின், டென்ஷனர், வழிகாட்டிகளையும் மாற்றிவிட வேண்டும்.

நாலு சக்கர இழுவை வகையில் பின்சக்கரத்துக்குச் சக்தி அனுப்பும் பி.டி.யு. பெட்டியில் சுமார் அரை லிட்டர் ஆயில்தான் இருக்கும், பக்கத்திலேயே எக்ஸாஸ்ட் சூடு. ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று புத்தகம் சொல்லும். யாருடைய ஆயுள் என்று சொல்லாது! 30,000 மைலுக்கு ஒரு முறை ஊற்றும் துளை வழியாகக் குழாய் விட்டு உறிஞ்சி, 75டபிள்யூ-140 சிந்தடிக் ஊற்றினால் பிழைக்கும். உறிஞ்ச வருவது வண்டிமை மாதிரிக் கட்டியாக இருந்தால் பல்சக்கரம் ஏற்கெனவே தேய்ந்துவிட்டது.

மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் டாரஸ் தயாரானதா?
– செங்கல்பட்டு வாசகர்

இல்லை. அங்கே தயாரானவை ஐகான், ஃபிகோ, ஈகோஸ்போர்ட் போன்றவை. இந்தியாவில் 2004-ல் விற்ற ஃபியூஷனும் மேலே சொன்ன அமெரிக்க ஃபியூஷன் அல்ல, ஃபியஸ்டாவின் உறவு.

இப்போது உலகத்தில் எங்காவது புது டாரஸ் கிடைக்குமா? துபாயில் பார்த்ததாக நண்பர் சொல்கிறார்.
– ராமநாதபுரம் வாசகர்

நண்பர் சொல்வது சரி. 2015-லிருந்து சீனாவில் சாங்கான் ஃபோர்டு தனியாக ஒரு டாரஸ் செய்தது. 2020-லிருந்து வளைகுடா நாடுகளில் டாரஸ் சின்னத்தோடு விற்பதும் சீனத் தயாரிப்பு. பேர்தான் ஒன்று, அடித்தளம் வேறு. ஆகவே அமெரிக்க டாரஸ் வைத்திருப்பவர் துபாயில் பாகம் மலிவு என்று சொல்லி யாரிடமும் பிரேக் டிஸ்க் வாங்கி அனுப்பச் சொல்ல வேண்டாம்.